ஞானமுத்து விரல்

போன மாதம் பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்த ஓட்டலுக்கு மருமகன் என்னைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். இட்லி வரத் தாமதமானது. மேசையில் கிடந்த அட்டையை எடுத்துப் புரட்டினேன். அது பக்கத்து ஹாலில் இருக்கும் பாரின் அட்டை. கடைசிப் பக்கத்தில், முந்தின ராத்திரி அளவு மீறிப் போனவர்களைக் காலையில் தெளிய வைக்கும் 'ஸ்பெஷல்' என்று மூன்று பானங்களைப் படத்தோடு போட்டிருந்தார்கள். தக்காளிச் சாற்றில் வோட்காவை ஊற்றி, மேலே கொத்தமல்லியைச் செருகி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்கள்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. பார்மேனைக் கூப்பிட்டேன். "இத யாருக்குக் குடுப்பிய தம்பி?"

"யார் கேட்டாலும் குடுப்போம் சார்."

"தலையா, வயிறா, கையான்னு கேக்க மாட்டியளா?"

அந்தப் பையன் முழித்தான். மருமகன் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். மிதித்தால் மிதிக்கட்டும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்தவன் நான். சாப்பிட்டுக் கிளம்பும்போது அந்தப் பையனே வாசல் வரை ஓடி வந்து, "நீங்க சொன்னது என்னன்னு எழுதித் தாங்க சார்" என்று கேட்டான். நல்ல பையன். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் சுடலைமுத்து. கோவில்பட்டி ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் அப்போது ஒரு கிளப் இருந்தது. மில் ஆபீசர்கள், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள், பஞ்சு அரைவை ஆலைக்காரர்கள், கொஞ்சம் நிலபுலன் உள்ள சம்சாரிகள் எல்லாரும் மெம்பர்கள். சீட்டு உண்டு, டென்னிஸ் உண்டு, பச்சைத் துணி கிழிந்த பில்லியர்ட்ஸ் மேசை உண்டு. அந்தக் கிழிசல் வழியாகப் பூனை குட்டி போட்டு வைத்திருந்ததால் இரண்டு மாதம் யாரும் ஆடவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே கிளாஸ் கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். கிளாஸ் கழுவி, ஐஸ் உடைத்து, சோடா பெட்டி தூக்கி, ஒருவழியாகக் கவுண்டருக்குப் பின்னால் வந்து நிற்க ஆறேழு வருஷம் ஆயிற்று. அதை விவரித்தால் எனக்கே கொட்டாவி வரும்.

ஹெட் பட்லர் ஞானமுத்து அண்ணாச்சியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தூத்துக்குடி கடற்கரைக்காரர். மலையில் எஸ்டேட் துரைமார் கிளப்பில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒல்லி என்றால் ஒல்லி, வேட்டி கட்டின தென்னம்பாளை. ஆனால் வேட்டியில் அவரை யாரும் பார்த்ததில்லை. வெள்ளைக் கால்சட்டை, பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு, இடது முன்கையில் மடித்துத் தொங்கும் வெள்ளை நாப்கின். கரிசல் காட்டுப் புழுதி ஊரையே மூடினாலும் அவர் கோட்டில் மட்டும் ஒட்டாது. சிரிக்க மாட்டார். கோபப்படவும் மாட்டார். கழுவின கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். நாற்றம் இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அதை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். அதற்கு இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

அவருக்கு இரண்டு பிடிவாதம் உண்டு. ஒன்று, தான் ஒரு சொட்டுக் கூடக் குடிக்க மாட்டார். கலக்கினதை ருசி பார்க்க வேண்டுமானால் புறங்கையில் ஒரு துளி விட்டு நாக்கு நுனியால் தொடுவார், உடனே வாய் கொப்பளிப்பார். இரண்டாவது, அளவு. கிளப்பில் எல்லாமே விரல் கணக்குதான். கிளாஸின் அடியில் விரலைப் படுக்க வைத்து, அந்த உயரத்துக்கு ஊற்றினால் ஒரு விரல். ஞானமுத்து அண்ணாச்சி விரலோ முருங்கைக்காய். என் விரல் வாழைப்பழம். அதனால் மெம்பர்களெல்லாம், "ஏலே சுடல, நீ ஊத்துலே" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாமனாரோ தமையனோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சத்தமாக அளவு சொல்ல வெட்கப்படுவார்கள். அண்ணாச்சி குனியும்போது நாப்கினுக்கு அடியில் கையை விட்டு, அவர் விரலை அழுத்திக் காட்டுவார்கள். இரண்டை அழுத்தினால் இரண்டு, மூன்றை அழுத்தினால் மூன்று. அவரும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், கூடாதென்றால் தன் ஒற்றை விரலைத் திருப்பி அழுத்திவிட்டு நகர்ந்துவிடுவார்.

இனி அந்தப் பார்மேன் பையன் கேட்ட விஷயம்.

காலையில் ஒரு மெம்பர் முகம் வீங்கி வந்து நாற்காலியில் விழுந்தால், அண்ணாச்சி முதலில் ஒன்றும் கலக்க மாட்டார். எதிரே நின்று கேட்பார்: "தலையா, வயிறா, கையா?" தலை இடிக்கிறதா, வயிறு புரட்டுகிறதா, கை நடுங்குகிறதா என்று அர்த்தம். மூன்றுக்கும் மருந்து வேறு.

தலை என்றால் கோலி சோடா. பெரிய எலுமிச்சையில் பாதி, கல் உப்பு, தட்டிப் பிழிந்த இஞ்சிச் சாறு ஒரு கரண்டி. இஞ்சிச் சாற்றை அப்படியே ஊற்றக் கூடாது. தெளிய வைத்து, அடியில் தங்கும் வெள்ளை மண்டியைத் தள்ளிவிட்டு மேல்சாற்றை மட்டும் எடுக்க வேண்டும். கடைசியாக, கசப்புப் புட்டியிலிருந்து நாலு சொட்டு. 'பிட்டர்ஸ்' என்று பெயர். காகிதச் சட்டை போட்ட குட்டிப் புட்டி. மதுரையிலிருந்து வாங்கி வந்து, அதை அண்ணாச்சி நகை மாதிரி பூட்டி வைத்திருப்பார்.

வயிறு என்றால் 'சிப்பி'. இங்கிலீஷில் அதற்கு ஏதோ சிப்பி என்றுதான் பெயராம். அதில் சிப்பி கிடையாது. நாட்டுக்கோழி முட்டையின் மஞ்சள் கரு. உடையவே கூடாது. சின்னக் கிளாஸில் அதை வழுக்கி விட்டு, மேலே ஒரு கரண்டி வினிகர், கறுப்பு சாஸ், உப்பு, மிளகுத்தூள். கலக்கக் கூடாது, பார்க்கக் கூடாது, மெல்லக் கூடாது. "கண்ண மூடுங்க. கொலசாமியக் கும்பிடுங்க. வாயத் தொறங்க" என்பார் அண்ணாச்சி. சர்ரென்று இறங்கிவிடும். இறங்கினது திரும்பி வராமல் இருந்தால் ஆள் பிழைத்தான். கறுப்பு சாஸ் கிடைக்காத காலத்தில் புளி, கருப்பட்டி, வினிகரோடு காய்ந்த நெத்திலியைப் போட்டு ஊறவைத்து அவரே தயாரித்தார். சைவ மெம்பர்களுக்கு நெத்திலி போடாத புட்டி தனி. அதில் பச்சை நூல் கட்டியிருப்பார். சைவ மெம்பர்களில் சிலர் முட்டையைக் கண்ணை மூடி விழுங்கிவிட்டு, "நூல் கட்டுன புட்டிதானவே?" என்று கேட்பார்கள். அதையெல்லாம் நாம் கேட்கக் கூடாது.

கை நடுக்கத்துக்குத்தான் அந்தத் தக்காளி. பிளடி மேரி என்று அதற்குப் பெயர். அண்ணாச்சி வாயிலிருந்து அந்தப் பெயர் வராது. "மாதா பேர வச்சிக்கிட்டு என்ன பேச்சுவே இது?" என்று சிலுவை போட்டுக்கொள்வார். அவருக்கு அது 'செவப்பு'. பழுத்த நாட்டுத் தக்காளியை வெந்நீரில் முக்கித் தோலை உரித்து, மல்துணியில் கட்டிப் பிழிய வேண்டும். மிக்சியில் போட்டு அடித்தால் நுரைத்து வெளுத்துப்போகும். அதில் எலுமிச்சை, உப்பு, மிளகு, சாஸ், ஊறவைத்த மிளகாய் வற்றலின் தண்ணீர் கொஞ்சம். அடியில் ஒரு விரல் சரக்கு. வோட்காவுக்கு நாங்கள் எங்கே போவது, ஜின்தான். ஒரு கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸுக்கு மெதுவாக மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும், டீ ஆற்றுகிற மாதிரி வீசக் கூடாது. பார்த்தால் ரசம், குடித்தாலும் ரசம், ஆனால் கை நிற்கும். சரக்கு ஒரு விரலுக்கு மேல் போகாது, அதுவும் ஞானமுத்து விரல். "குடிச்சதுக்குக் குடியே மருந்துங்கறது, கடன வாங்கிக் கடன அடைக்கற மாதிரி. ஒரு தவணைதான் தருவேன்" என்பார்.

எழுபதுகளின் நடுவில் மதுவிலக்கு திரும்ப வந்தது. பெர்மிட் இருப்பவர் மட்டும்தான் குடிக்கலாம். உடம்புக்கு வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பெர்மிட். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் மெம்பர்கள் அத்தனை பேரும் நோயாளிகள் ஆகிவிட்டார்கள். டென்னிஸ் ஆடி வேர்த்து விறுவிறுத்து வந்து, "சீக்கிரம் கொண்டாலே, இருதயம் பலகீனமா இருக்கு" என்பார்கள். பெர்மிட் இல்லாதவர்கள், பெர்மிட் உள்ளவர்களை நோய் விசாரிப்பதற்கென்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாசம் பிடிப்பார்கள். அண்ணாச்சி கொஞ்சமும் சிரிக்காமல் ஒவ்வொருவரிடமும் "உடம்பு இப்பம் எப்படி இருக்கு?" என்று கேட்டுத்தான் ஊற்றுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கடைகள் மறுபடியும் திறந்தன. நோயாளிகள் எல்லாரும் ஒரே நாளில் குணமானார்கள். ரெங்கசாமி முதலாளி கதை நடந்தது அந்தச் சமயத்தில்தான்.

ரெங்கசாமி முதலாளிக்கு இடைசெவல் பக்கம் பருத்திக் காடு, ஊருக்குள் பஞ்சு அரைவை ஆலை. மீசை பெரிது, மனசும் பெரிது, வாய் அதைவிடப் பெரிது. அவரிடம் ஒரு ஜோடி மயிலைக் காளைகள் உண்டு. சொல்லப்போனால் அவை அவருடையவை அல்ல, அவர் சம்சாரம் சீதாலட்சுமி அம்மாளுடையவை. அம்மா பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்த பசுவின் கன்றுகள். இரண்டையும் அந்த அம்மாவே பருத்திக்கொட்டை ஆட்டிவைத்து வளர்த்தார்கள். கழுத்துக்கயிறு கூட அவர்கள் கையால் திரித்து, சிவப்புக் கரை போட்டது. வண்டியில் பூட்டிக்கொண்டு போனால் ரோடே திரும்பிப் பார்க்கும். முதலாளிக்கு அதில் பெருமை, அம்மாவுக்கு அதில் உயிர்.

அம்மா மணியாச்சிப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார்கள். அந்த வாரம் பொட்டலில் மாட்டுத்தாவணி, அதாவது மாட்டுச் சந்தை. கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் முதலாளி கிளப்பில் நன்றாக ஏற்றிக்கொண்டு, காளைகளைக் காட்டிப் பெருமையடிக்கத் தாவணிக்குப் போனார். அங்கே தரகர் மாடசாமி, "ஒம்ம காளைக்கு என்ன வெல இருக்கும்னு நெனைக்கீரு?" என்று சீண்டியிருக்கிறார். இவர் சும்மா விலை பார்க்கத் துண்டுக்குள் கையை விட்டார்.

துண்டு விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் மாட்டு விலையை வாயால் பேச மாட்டார்கள். இரண்டு பேரும் கையைச் சேர்த்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்தால் அதுதான் விலை. ஒரு விரல் என்றால் ஒன்று. நூறா, ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். விரலைப் பாதி மடக்கினால் அரை. வாய் மட்டும் மழையையும் பிள்ளைகுட்டிகளையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். நடுவில் வேறு யாரும் பேசக் கூடாது. துண்டுக்குள் முடிந்த விலை முடிந்ததுதான், மாறினால் அவன் மனுஷன் இல்லை. முதலாளி போதையில் எந்த விரலைப் பிடித்தாரோ, ஒரு ஜோடி மயிலைக் காளையும் அடிமாட்டு விலைக்கு மாடசாமி கைக்குப் போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் கிளப் வராந்தாவில் வந்து நின்றார். தோளில் சிவப்புக் கரை போட்ட இரண்டு வெறும் கயிறு. மாட்டை விற்றவன் தன் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள்வது வழக்கம். நான் சம்சாரி வீட்டில் பிறந்தவன், எனக்கு அந்தக் கயிற்றைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. கடற்கரைக்காரரான அண்ணாச்சிக்கு அது வெறும் கயிறு. மரியாதையாக வாங்கி, தொப்பி மாட்டும் ஸ்டாண்டில் மாட்டினார்.

"தலையா, வயிறா, கையா?"

"மூணுந்தாம்வே!" என்று முதலாளி அழுதார். நிஜமாகவே அழுதார். அவ்வளவு பெரிய மீசை நனைந்ததைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

விடியற்காலையிலேயே தாவணிக்குப் போய்த் திரும்ப விலைக்குக் கேட்டிருக்கிறார். மாடசாமி கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாராம். "மொதலாளி, ஒம்ம விரலு ஒரு நேரம் ரெண்டுங்குது, ஒரு நேரம் எட்டுங்குது. நாளைக்கு வழக்கு வரும். கை நிதானத்துக்கு வந்த பொறவு வாரும்" என்று அனுப்பிவிட்டார். இதற்கிடையில் மதுரையிலிருந்து ஒரு பெரிய இடத்துக்காரர் இந்த ஜோடியைப் பார்க்க வருகிறாராம். அவர் வந்துவிட்டால் காளைகள் மதுரைக்குப் போய்விடும். மத்தியானப் பாசஞ்சரில் அம்மா வந்து இறங்குவார்கள், காளை வண்டி ஸ்டேஷனில் நிற்க வேண்டும்.

"வேற ஆள அனுப்பலாமே முதலாளி" என்றேன்.

"எவன அனுப்ப? வித்தது நான்னு ஊருக்கே தெரியணுமா? அவகிட்ட நான் என்னத்தச் சொல்ல? அந்தக் கன்னுக்குட்டி சீக்கா கெடந்தப்ப ராத்திரி முழுக்க மடியில போட்டுக்கிட்டு இருந்தவடா அவ!"

அண்ணாச்சிக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. தக்காளியை வெந்நீரில் போட்டார். பிழிந்தார். மிளகை அப்போதுதான் பொடித்தார். கிளாஸின் அடியில் விரலை வைத்து ஜின்னை ஊற்றினார். முதலாளி கையை நீட்டினார், அண்ணாச்சி தரவில்லை.

"இது கொஞ்ச நேரந்தான் நிக்கும். இங்கன குடிச்சிட்டு அங்கன போறதுக்குள்ள கை திரும்ப ஆடும். எங்க கை நிதானமா இருக்கணுமோ அங்கன வச்சித்தான் குடிக்கணும். நடங்க."

"நான் எடுத்துட்டு வாரேன் அண்ணாச்சி" என்றேன்.

"கலக்குன கைதான் குடுக்கணும்" என்றார்.

கோவில்பட்டி மாட்டுத்தாவணிக்குள் அப்படி ஒரு ஊர்வலம் அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை. முன்னால் பித்தளைப் பொத்தான் மினுமினுக்க ஞானமுத்து அண்ணாச்சி, வலது கையில் வெள்ளித் தட்டு, தட்டில் சிவப்பு கிளாஸ், இடது முன்கையில் நாப்கின். பின்னால் முதலாளியைத் தாங்கிப் பிடித்தபடி நான். சாணியில் கால் வைக்காமல் அண்ணாச்சி தாண்டித் தாண்டிப் போனார், தட்டில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மாடுகள் கூட மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

பாதி வழியில் முதலாளிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி அதைக் கவனிக்காமல் நேரே போய், காளைகளுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

தரகர் மாடசாமி நிமிர்ந்து பார்த்தார். மதுரைப் பெரிய இடத்திலிருந்து ஆள் வரும் என்று காலையிலிருந்து காத்திருக்கிற மனுஷன். எதிரே வெள்ளைக் கோட்டு, பொத்தான், வெள்ளித் தட்டு. கையிலோ, இந்தா பேசிக்கொள் என்கிற மாதிரி, மடித்துப் போட்ட வெள்ளைத் துண்டு. மாடசாமி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நாப்கினுக்கு அடியில் கையை விட்டு அண்ணாச்சியின் மூன்று விரலைப் பிடித்தார்.

முதலாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பக்கத்தில் போனதும் கால் நின்றுவிட்டது. துண்டுக்குள் கை இருக்கும்போது மூன்றாம் ஆள் வாயைத் திறந்தால் பேரம் முறிந்துவிடும். சின்ன வயதில் ஒரு தடவை அப்படி வாயைத் திறந்து எங்கள் அப்பாவிடம் வாங்கின அடி இன்னும் முதுகில் இருக்கிறது. நின்று பார்க்கத்தான் முடிந்தது.

அண்ணாச்சி என்ன நினைத்தார் என்பது பிற்பாடு அவர் சொல்லித்தான் தெரியும். யாரோ ஒரு மனுஷன், நாலு பேர் முன்னால் வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டு, கிளப்பில் கேட்கிற மாதிரி மூன்று விரல் அளவு கேட்கிறான் என்று நினைத்திருக்கிறார். 'செவப்பு'க்கு மூன்று விரலா? அண்ணாச்சி தன் ஒற்றை விரலைத் திருப்பி அழுத்தினார்.

மாடசாமி முகம் மாறியது. ஆனால் பழக்கம் விடுமா? "ஒங்க பக்கம் மழ உண்டா?" என்று வாயால் கேட்டுக்கொண்டே உள்ளே இரண்டரை விரலைப் பிடித்தார்.

"இல்ல" என்றார் அண்ணாச்சி. ஒற்றை விரல்.

"பிள்ளைக எல்லாம் சொகமா?" இரண்டு விரல்.

"நான் கல்யாணம் முடிக்கல." ஒற்றை விரல்.

மாடசாமிக்கு வேர்த்துவிட்டது. எத்தனையோ தாவணி பார்த்தவர். சத்தம் போடுகிறவனை மடக்குவார், சிரிக்கிறவனைக் கவிழ்ப்பார். இந்த மனுஷனோ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, காளைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. தாவணி கலையப்போகிற நாள். வாங்கினதோ அடிமாட்டு விலை. இந்த ஆளையும் விட்டால் இன்னும் எத்தனை நாள் தீனி போடுவது? "இந்த வருசம் வெயிலு கூடத்தான்" என்று கெஞ்சுகிற குரலில் சொல்லிக்கொண்டு ஒன்றரை விரலைப் பிடித்தார்.

அண்ணாச்சிக்கும் பொறுமை போயிற்று. எஸ்டேட் துரைமாருக்கே அளவை மாற்றாதவர். ஒற்றை விரலை மாடசாமியின் உள்ளங்கையில் ஆணி அடிக்கிற மாதிரி வைத்து அழுத்தி, "நம்மகிட்ட ஒரே பேச்சுதான்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

மாடசாமி கையை உருவிக்கொண்டார். துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றினார், அது அண்ணாச்சியின் நாப்கின். "பிடிச்சிட்டுப் போங்க சாமி. ஒம்ம மாதிரி கல்லு மனசுக்காரர நான் பாத்ததில்ல" என்று சொல்லிக் காளைகளின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, இரண்டையும் அண்ணாச்சி பக்கம் தள்ளிவிட்டார். பெரிய காளை முகத்தை நீட்டிக் கோட்டுப் பொத்தானை முகர்ந்தது.

"ஏலே சுடல, இது என்னலே?" அண்ணாச்சி குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதே இல்லை.

"நீங்க ஒரு ஜோடி காள வாங்கிட்டிய அண்ணாச்சி."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். காளைகளைப் பார்த்தார். தட்டில் இருந்த கிளாஸ் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. ஆயுசில் ஒரு சொட்டு விழுங்காத மனுஷன், கிளாஸை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, "மொளகு கொஞ்சம் கூடிட்டு" என்றார்.

பணத்தை முதலாளி கட்டினார். அண்ணாச்சி கையையும் காலையும் பிடித்துக்கொண்டு அவர் அழுததில் வெள்ளைக் கோட்டில் முதன்முதலாகக் கறை பட்டது. தாவணிக் கடையில் இரண்டு புதுக் கயிறு வாங்கிப் போட்டோம், வண்டியில் பூட்டினோம். பழைய கயிறு கிளப் ஸ்டாண்டில் தொங்குவது அந்த அவசரத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அண்ணாச்சி தட்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் மாதா கோவில் பாட்டை மெல்லிசாக முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் ஸ்டேஷனுக்குப் போகவும் பாசஞ்சர் வரவும் சரியாக இருந்தது. சீதாலட்சுமி அம்மா இறங்கி வந்தார்கள். நெட்டையான, நிதானமான பெண்மணி. புருஷனைப் பார்க்கவில்லை, நேரே காளைகளிடம் போனார்கள். கழுத்தைத் தடவினார்கள். தடவின கை நின்றுவிட்டது.

"கயிறு புதுசா இருக்கே?"

"பழசு இத்துப்போச்சு" என்றார் முதலாளி.

"போன மாசம் நான் திரிச்ச கயிறு. ரெண்டும் ஒரே நாள்ல இத்துப்போச்சோ?"

அம்மா வண்டிக்குள் பார்த்தார்கள். தட்டோடு உட்கார்ந்து பாட்டுப் படிக்கிற வெள்ளைக் கோட்டைப் பார்த்தார்கள். "இவிய யாரு?" என்றார்கள். மாட்டைப் பற்றிப் படித்துத் தெரிந்தவர்கள் இல்லை அந்த அம்மா, மாட்டுக் கொட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். புதுக் கயிறு என்றால் கை மாறின மாடு. அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகம் சிவந்தது, உதடு துடித்தது. ஸ்டேஷன் வாசலில் நாலு பேருக்கு நடுவில் அந்த அம்மா கத்தியிருந்தால் கூட எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கத்தவில்லை. முதலாளி பக்கத்தில் வந்து நின்று, அவர் வலது கையைப் பிடித்தார்கள். அந்தக் கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, அதற்கான மருந்தைத்தான் அண்ணாச்சி குடித்துவிட்டாரே. அம்மா தன் முந்தானையை இழுத்து இரண்டு கைக்கும் மேலே போட்டார்கள்.

"தம்பி வீட்டுப் பக்கம் நல்ல மழ" என்றார்கள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது.

"அப்படியா" என்றார் முதலாளி.

"சோளம் நல்லா வந்திருக்கு."

"சரி."

"பிள்ளைக எல்லாம் ஒம்மத்தான் கேட்டுச்சு."

முந்தானை ஒரு தடவை அசைந்தது, திரும்ப அசைந்தது. முதலாளி கெஞ்சுகிற மாதிரி அம்மா முகத்தைப் பார்த்தார். மாடசாமியை மிரட்டின அண்ணாச்சி முகத்தை விட அம்மா முகம் இறுகியிருந்தது. கடைசியில் முதலாளி தலையை ஆட்டினார். அம்மா முந்தானையை எடுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினார்கள். நானும் அண்ணாச்சியும் இறங்கி நடந்தே கிளப்புக்கு வந்தோம். உள்ளே என்ன விலை பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

அதன் பிறகு நான் ஓய்வு பெறும் வரை முதலாளி ஒரு நாளும் காலையில் மருந்துக்கு என்று வந்ததில்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம், ஸ்டாண்டில் மாட்டின கயிற்றை வாங்கிப்போக வந்தார். அண்ணாச்சி அதைக் காகிதத்தில் சுற்றித் தயாராக வைத்திருந்தார். கொடுத்துவிட்டு, வழக்கம்போல் குனிந்து, "என்ன ஊத்த முதலாளி?" என்றார். பக்கத்தில் மாமனாரும் இல்லை, தமையனும் இல்லை. வழக்கமாக மூன்று விரலைக் காட்டுகிறவர், அன்றைக்கு ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார்.

நான் ஆசையாகப் புட்டியை எடுத்தேன். "வாங்க முதலாளி, நம்ம விரல்ல ஊத்துதேன்" என்றேன்.

"வேண்டாம்லே" என்றார் முதலாளி. "ஞானமுத்து விரலு. துண்டுக்குள்ள முடிஞ்ச வெல."